மூச்சுக்கு ஒரு வாசல்

2018 ஆம் ஆண்டு ஆனி மாதத்து மழைநாளொன்றிலே, கினிகத்தேனை ஏற்றத்தில் முக்கி முனகிக்கொண்டு சென்ற வாடகை வேனொன்றில், மடிமீது ஒரு பிஸ்கற் பெட்டியை வைத்துக்கொண்டு நான் அமர்ந்திருந்தேன். என் பக்கத்தில் என் தங்கை. அவளுக்கப்பால் ஜன்னலோரமாக அவளுடைய மகன். அவன் கழுத்தைச் சுற்றி வெள்ளை நாடாவொன்று கட்டப்பட்டிருந்தது. நாடாவின் நடுவே, தொண்டைக்குழிக்குச் சற்று மேலாக, பிளாஸ்டிக் குழாயொன்றின் வாய் தெரிந்தது. வேன் குலுங்கும்போதெல்லாம் அந்த வாய்வழியே மூச்சு 'ஹுஸ்' என்று வந்தது. மூக்கிலும் வாயிலும் சலனமில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதே அளவுள்ள குழாய் ஒன்று, அதனிலும் ஓரளவு சிறியது மற்றொன்று, சிறு தூரிகை, நாடாச் சுருள், சளியை உறிஞ்சும் மெல்லிய குழல்கள் ஒரு கட்டு, அவற்றின் மேல் நான்காக மடித்த, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சிட்ட அறிவுரைத் தாள்.

அவன் பத்தொன்பது வயதுப் பையன். தோட்டப் பாடசாலையிலே படித்து ஹட்டனில் உயர்தரத்துக்குச் சேர்ந்தவன். பாரதி விழாவென்றாலும் கலைமகள் விழாவென்றாலும் மேடையேறிப் பேச அவனைத்தான் அழைப்பார்கள். ஒலிபெருக்கியில்லாமலே மண்டபத்தின் கடைசி வாங்கு வரை கேட்கும் குரல். அவனுக்கு நான் தாய்மாமன் மட்டுமல்லன், ஆசிரியனுங்கூட. ஆதலால் அந்தக் குரலிலே எனக்கும் சிறிது பங்குண்டென்று உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தவன். இப்பொழுது அவன் வாயசைத்தால் ஒலியில்லை. நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையை எட்டுமுன்னரே கழுத்துக் குழாயால் வெளியேறிவிடுகிறது. குரல்நாண் இரண்டும் காற்றுக்காகக் காத்திருக்கும் வீணைத் தந்திகள் போலச் சும்மா கிடக்கின்றன.

நோய் வந்த வகையைச் சுருக்கிச் சொல்கிறேன். கால்விரல்களில் மரமரப்பாகத் தொடங்கியது. நான்கு நாளில் முழங்கால், இடுப்பு, கை. ஆறாம் நாள் மூச்சு. பிரான்சிலே 1916 இல் கியான், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூவர் விவரித்த நரம்பு நோய் அது. உடலின் காப்புப் படையே நரம்புகளைப் பகையென்று கருதித் தாக்கும் விந்தை. பெரும்பாலோர் தேறிவிடுவர், ஆனால் தேறும்வரை அவர்களுக்காக வேறொன்று மூச்சுவிட வேண்டும். வாய்வழியே குழாய் செலுத்தி இயந்திரத்தில் இணைத்தார்கள். இரு வாரம் கழிந்தும் தசைகள் எழும்பாமையால் கழுத்திலே வாதனாளியைத் திறந்து குழாய் வைத்தார்கள். ஐந்தாம் வாரத்தில் இயந்திரம் நின்றது. குழாய் நிற்கவில்லை. வாய்வழிக் குழாயைச் சுற்றியிருந்த காற்றுப் பை அழுத்திய இடத்தில் வடு விழுந்து, வாதனாளி அங்கே சுருங்கிவிட்டிருந்தது. நெடுநாள் குழாய் தாங்கியவர்களுக்கு, எவ்வளவு கவனமெடுத்தாலும் நேரக்கூடிய சங்கடம் இது. மேல்வழி திறக்கும்வரை கழுத்து வாசல்தான் கதி.

அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலிலே காத்திருந்த நாட்களில், பக்கத்துக் கட்டில்களுக்காகக் காத்திருந்தவர்களோடு எனக்குப் பழக்கமாயிற்று. அவர்களிற் சிலர் பூச்சிமருந்து உட்சென்றவர்களின் சொந்தங்கள். மலைநாட்டு மக்கள் மூச்சுப் பொறிகளை அறிந்துகொண்டதற்கு இந்த நஞ்சும் ஒரு காரணமென்பதை ஈண்டுச் சொல்லியாக வேண்டும். 1987 இலே நிமல் சேனநாயக்க, லக்ஷ்மன் கரலியத்த என்னும் நம் நாட்டு மருத்துவர் இருவர், அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ ஏடொன்றில் பத்து நோயாளரைப் பற்றி எழுதினார்கள். பொசுபரசு சார்ந்த பூச்சிமருந்தால் வந்த முதற் கண்டம் நீங்கி, பிழைத்துவிட்டார் என்று உறவினர் நிம்மதியடையும் வேளையில், 24 முதல் 96 மணித்தியாலத்துக்குள் கழுத்தும் தோளும் மூச்சுத் தசைகளும் செயலிழக்கும் நிலையொன்று உண்டென்று அவர்கள் காட்டினார்கள். பத்துப்பேரில் நால்வருக்கு உடனே இயந்திர மூச்சு வேண்டியிருந்தது. மூவர் இறந்தனர். செயலிழப்பு 18 நாள் வரைகூட நீடித்தது. இந்நிலைக்கு 'இடைநிலை நோய்க்குறித் தொகுதி' என்று பெயர் வந்தது. இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் அதைப் படிக்கின்றனர். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல். தூக்க முடியாவிட்டால் மூச்சுக்கு ஆயத்தமாயிரு என்று தாதியர் பழகியிருக்கிறார்கள். கொடிய மருந்துகள் சில 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் சாவுகள் வெகுவாகக் குறைந்தன என்பது ஆறுதல்.

கழுத்துக் குழாயும் மூச்சுப் பொறியும் சேர்ந்து உயிர்காக்கும் முறை அதற்கும் முன்னர், 1952 இல், டென்மார்க்கின் கோப்பன்ஹேகனிலே பிறந்தது. இளம்பிள்ளைவாதம் அந்நகரைச் சூறையாடிய ஆண்டு அது. பிளெக்டாம் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரேயொரு இரும்பு நுரையீரல். மார்புக் கவசப் பொறிகள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் மூச்சுத் தசை விழுந்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்க மருந்து வல்லுநர் பியோர்ன் இப்சன், ஆகஸ்ட் 27 ஆந் திகதி, பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் கழுத்தைத் திறக்கச் செய்து குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அவளுக்குக் காற்றுக் கொடுத்துக் காட்டினார். அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர் முறைவைத்து, இரவும் பகலும், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பை அழுத்தினர். இயந்திரங்கள் பின்னர் வந்தன. மூச்சுக்கு முதலில் வந்தது மாணவரின் கைதான். இந்த வரலாற்றை நான் வகுப்பிலே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் தங்கையின் கை அதனோடு சேருமென்று அப்பொழுது எண்ணவில்லை.

நிற்க. தோட்டத்துக்கு வருவோம்.

தங்கை வீடு மேல் டிவிசனில், பத்துக் காம்பிரா லயத்தில் கோடிக் காம்பிரா. வேன் நிற்குமிடத்திலிருந்து செங்குத்தான படிகளும் ஒற்றையடிப் பாதையும். வீட்டுக்குள் அடுப்பு, அடுப்பிலே ஈர விறகு, கூரைத் தகரமெங்கும் புகைக்கரி. அதிகாலையில் பனிமூட்டம் வாசல்வழியே உள்ளே வந்து உட்காரும். ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுமுன், தமிழ் கொஞ்சம் அறிந்த சிங்களத் தாதியொருத்தி இதையெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். "றோட்டுல இருந்து எவ்வளவு தூரம்? கரண்ட் போகுமா?" என்று கேட்டவள், பையனுக்கு அப்பொழுது வைத்திருந்த ஒற்றைக் குழாயை மாற்றி, இரட்டைக் குழாய் வைக்கும்படி டொக்டரிடம் சொன்னாள். இரட்டைக் குழாயென்றால் குழாய்க்குள் குழாய். வெளியே இருப்பது நிலையாகக் கழுத்தில் நிற்கும். உள்ளே இருப்பதைத் திருகி எடுத்துக் கழுவலாம். அந்த ஒரு கேள்வியின் அருமை எங்களுக்குப் பின்புதான் விளங்கிற்று.

மூக்கு என்பது முகத்துக்கு அழகுக்காக வைத்த பொருளென்று நினைத்திருந்தேன். அது ஒரு தொழிற்சாலை. வெளிக்காற்றை உடலின் 37 பாகை வெப்பத்துக்குச் சூடாக்கி, ஒவ்வொரு லீற்றர் காற்றிலும் 44 மில்லிகிராம் நீரை ஏற்றி, தூசு களைந்து கீழே அனுப்புகிறது. கழுத்தில் வாசல் வைத்தால் அந்தத் தொழிற்சாலை மூடப்படுகிறது. "இங்கதான் எப்பவும் பனியாச்சே, ஈரத்துக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டார் என் மச்சான். நியாயமான கேள்வி. ஆனால் குளிர்ந்த காற்றால் அதிக நீரைத் தாங்க இயலாது. 15 பாகைக் குளிரிலே, பனி முழுதும் நிறைந்த காற்றிற்கூட ஒரு லீற்றருக்கு 13 மில்லிகிராம் அளவே நீருண்டு. அது நுரையீரலுக்குள் போய்ச் சூடேறினால் பாலைவனத்துக் காற்றுக்கு ஒப்பு. மிகுதி நீரை வாதனாளியின் சுவரிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். சளி காய்ந்து பிசினாகும். பிசின் குழாயை அடைக்கும். மச்சான் தேயிலை ஸ்டோரிலே பிட்டர் வேலை பார்ப்பவர். நான் சொல்லி முடிக்குமுன், "வாட்டுத் தொட்டியில கொழுந்துக்குச் செய்யிறததான் தொண்டைக்குச் செய்யுது" என்றார். கொழுந்தின் ஈரத்தைக் காற்றால் இழுக்கும் அதே வேலை. இதனிலும் தெளிவாக எந்த டொக்டரும் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று முதல் பையனின் குழாய்வாயில் 'செயற்கை மூக்கு' என்னும் சிறு மூடி ஏறியது. அதற்குள் மடிப்பு மடிப்பாகக் காகிதம். வெளிவரும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைத்து, உள்ளே போகும் மூச்சுக்குத் திருப்பிக் கொடுக்கும். அடுப்பைப் பின்புறத்து இஸ்தோப்புக்கு மாற்றினார்கள். பீலியில் நின்று குளிப்பதும் நின்றது. நீர் ஒரு துளி குழாய்க்குள் புகுந்தாலும் அது நேரே நுரையீரலுக்குப் போகும்.

இனி அந்த நான்கு மடிப்புத் தாள். தமிழும் அரசகரும மொழியென்று நம் அரசியலமைப்பிலே 1987 இல் எழுதியாயிற்று. ஆயினும் கழுத்தைத் திறந்து அனுப்பிய பிள்ளையின் தாய்க்குக் கிடைத்த தாளில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை. யாரையும் கடிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. தாளை நானே தமிழாக்க முனைந்தேன். தமிழாசிரியனல்லவா? மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்து, 1867 இல் 'இரண வைத்தியம்' என்று சத்திரசிகிச்சைக்கே தமிழ்ப் புத்தகம் தந்த நாடு இது. அந்த நினைப்பிலே, கொப்பிப் பேப்பரில் அழகாக எழுதினேன். பாடநூலிலுள்ள 'வாதனாளி'யை எடுத்தேன். உட்குழாய்க்கு 'அகக்குழல்', வெளிக்குழாய்க்குப் 'புறக்குழல்', உறிஞ்சு குழலுக்குச் 'சளியகற்றி', குழாயைக் கழுத்தோடு பொருத்தும் தகட்டுக்குக் 'கழுத்திதழ்'. எழுதி முடித்துத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அண்ணே, வாதனாளின்னா யாரு?" என்றாள்.

படுத்திருந்த பையன் சத்தமில்லாமல் சிரித்தான். தோள் குலுங்கியது, குழாய்வழியே 'ஹுஸ், ஹுஸ்' என்றது.

எங்கள் வீட்டிலே வழங்கிய கலைச்சொற்கள் அன்றிரவே அவள் வாயால் தீர்மானமாயின. உள்குழா, வெளிக்குழா, சளிக்குழா, மூக்குமூடி, கழுத்துநாடா. தாளை மீண்டும் எழுதினேன். 'அகக்குழலைக் கடிகாரத் திசைக்கு எதிராகச் சுழற்றி அகற்றுக' என்றிருந்தது, 'உள்குழாவைத் திருகி எடு' என்றாயிற்று. கிறீன் வைத்தியரும் தம் மாணவருக்காகச் சொல்லைத் தேடியவரே. அவருக்கு மாணவர் இருந்தனர், எனக்குத் தங்கை இருந்தாள். பிள்ளைக்கு மூச்சுத் திணறும்போது கூப்பிட வராத சொல்லால் என்ன பயன்?

சளி இழுக்கும் வேலையை அவள் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் வியப்பு. முதலிற் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். சளிக்குழாவை உறிஞ்சல் இல்லாமல் உள்ளே விட வேண்டும். குழாயின் நீளத்துக்கு மேல் போகக்கூடாது. வெளியே எடுக்கும்போது மட்டுமே உறிஞ்ச வேண்டும். பத்து வினாடிக்கு மேல் ஆகலாகாது. ஏனெனில் சளியோடு அவனுடைய காற்றையும் இழுக்கிறோம். வீட்டிலே வினாடி காட்டும் கடிகாரமில்லை. தாதி ஒரு வழி சொல்லியிருந்தாள். குழலை உள்ளே விடும்போது தங்கையும் தன் மூச்சை அடக்கிக்கொள்வாள். தனக்கு மூச்சு முட்டுமுன் வெளியே எடுத்துவிடுவாள். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் ஒருமுறை, மலையிலிருந்து வந்ததும் ஒருமுறை, இரவிலே தேவைப்பட்டபோதெல்லாம். இடையில் அவன் தானே கண்ணாடி பார்த்துச் செய்துகொண்டான். உள்குழாவைக் கொதித்தாறிய நீரில் தூரிகையால் தேய்த்து, உதறிக் காயவைத்து, மற்றொன்றை மாட்டுவாள். நாடா மாற்றும்போது இருவர் வேண்டும். ஒருவர் தகட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கட்டுவார். கட்டியபின் நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். விரல் நுழையாவிட்டால் புண். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் ஓர் இருமலிலே குழாய் வெளியே வந்துவிடும்.

ஒருநாள் தங்கை சளிக்குழாவின் உறையையும் குழாயின் தகட்டையும் கையிலெடுத்துக்கொண்டு வந்தாள். "இதுல பன்னண்டுன்னு போட்டிருக்கு, அதுல எட்டுன்னு போட்டிருக்கு. எட்டுக்குள்ள பன்னண்டு எப்படிப் போகுது?" எனக்கும் விளங்கவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் வெவ்வேறு அளவைகள். குழாயின் எட்டு, உள்விட்டம் 8 மில்லிமீட்டர். சளிக்குழாவின் பன்னிரண்டு, வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் மூன்றின் ஒரு பங்காக எண்ணும் பிரெஞ்சு அளவை. ஆகவே 4 மில்லிமீட்டர். சளிக்குழா குழாயின் பாதி அகலத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அது சரியாகப் பாதி. அந்த அளவையை ஏற்படுத்தியவர் பாரிஸ் நகரத்துச் சாரியர் என்னும் கருவித் தச்சர். கத்தி செய்யும் பட்டறையிலே பயிலுநனாகத் தொடங்கியவர். மச்சான் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கத்திப் பட்டறைக்காரன் செய்ததை ஸ்டோர்ப் பிட்டர் செய்ய முடியாதா? ரோதைமுனிக்குத் தவறாமல் பூசை போடுகிற அவருக்குத் தம் கடைசல் இயந்திரத்தின் மீது அசையாத நம்பிக்கை. "ஒரு குழா கொடுங்க மச்சான், அச்சு அசலா அதே மாதிரி செஞ்சு தாறேன்" என்றார்.

அவரைத் தடுக்க நான் பட்ட பாடு! குழாயைச் செய்வது கடினமன்று. தொண்டை அதை ஏற்கும்படி செய்வதே கடினம். கழுத்துக்குள் கிடக்கும் பொருள் நாட்கணக்கில் ஈரத்திலும் சூட்டிலும் ஊறி, திசுவோடு உரசி, அதைப் புண்ணாக்காமல் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே, தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் கொத்துக்கொத்தாக மாண்டபோது, பிரான்சில் பிரெத்தொன்னோ 1825 இல் ஒரு சிறுமியை இவ்வழியாற் காப்பாற்றினார். அவர் மாணவர் துரூசோ, 1833 இல், தாம் திறந்த குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினரைப் பிழைக்கவைத்ததாக அறிவித்தார். நாலில் மூவர் இறந்தனர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்; அன்று அது வெற்றி. அதன்பின் நெடுங்காலம் குழாய்க்கு வெள்ளியே உகந்ததாயிருந்தது. சுவர் மெல்லியதாகச் செய்யலாம், கொதிக்க வைக்கலாம், தசை அதை வெறுப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் செவாலியர் ஜாக்சன் சத்திரசிகிச்சையையும் வெள்ளி இரட்டைக் குழாயையும் ஒழுங்குபடுத்தினார். எந்த இடத்திலே திறந்தால் பின்னர் சுருங்காது என்பதை அவர் சொன்ன பிறகே இவ்வழி அச்சமின்றிப் பரவியது. பின்னர் சிவப்பு ரப்பர். அது தசையை எரித்தது. அதன்பின் உடற்சூட்டில் சற்றே இளகும் பிளாஸ்டிக். இப்பொழுது அதனிலும் மென்மையான சிலிக்கோனும் உண்டு. பையனின் தொல்லைக்கெல்லாம் மூலமான காற்றுப் பையும் அப்படியே. பழைய பைகள் சிறியவை, கடினமானவை. 1970களில் அகன்ற மெல்லிய பைகள் வந்து, தொடுமிடத்தில் அழுத்தம் குறைந்தது. அந்த அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீட்டர் நீரளவுக்குள் நிற்க வேண்டும். மிஞ்சினால் சுவரிலுள்ள நுண்குழாய்களில் இரத்தம் ஓடாது. குறைந்தால் எச்சில் நுரையீரலுக்குள் வடியும். இத்தனை நுட்பமும் கடைசல் இயந்திரத்துக்கு அப்பாற்பட்டவை என்று ஒருவாறு ஏற்றுக்கொண்டார்.

ஆனால் பட்டறையை முழுதும் ஒதுக்கிவிடவும் இயலாது. அவருடைய ஆறுதலுக்காக இரண்டு கதை சொன்னேன். ஒன்று, 1938 இல் நபீல்ட் பிரபு தம் மோட்டார்க் கார் ஆலையிலே இரும்பு நுரையீரல்களைச் செய்வித்துப் பிரித்தானியப் பேரரசின் ஆஸ்பத்திரிகளுக்கு இனாமாக அளிக்கத் தொடங்கியது; ஏறத்தாழ 1,700 செய்தார்கள். மற்றது, இன்று எந்த அம்புலன்சிலும் இருக்கும், அழுத்தினால் தானே விரியும் பை. டென்மார்க்கின் டொக்டர் ஹென்னிங் ரூபன் அதன் முதல் மாதிரியைச் சைக்கிள் சில்லுக் கம்பிகளை வளைத்துச் செய்தார். 1956 இலே அது விற்பனைக்கு வந்தது. சைக்கிள் கம்பி என்றதும் மச்சான் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். மறுநாள் ஸ்டோரிலிருந்து வந்தவர் குழாயேதும் கொண்டு வரவில்லை. இருப்புக் கம்பியை வளைத்து, கட்டிலின் தலைமாட்டில் மாட்ட ஒரு கொக்கி கொண்டுவந்தார். மாற்றுக் குழாய் இரண்டும், காலால் மிதிக்கும் உறிஞ்சு பொறியின் குழலும், டோர்ச் லைட்டும் அதிலே தொங்கின. இருட்டிலே தேடாமற் கை எட்டும் உயரம். குழாய்க்குச் செய்ய வேண்டியதை அவர் கொக்கியிலே செய்தார்.

அந்தக் கொக்கி ஆடி மாதத்தில் வேலைக்கு வந்தது. மூன்று நாள் விடாத மழை. கரண்ட் போய்விட்டது, கீழே மண்சரிந்து றோட்டும் அடைபட்டது. நான் அன்று அங்கேதான் தங்கியிருந்தேன். இரவு இரண்டு மணியிருக்கும். சீழ்க்கையடிப்பது போன்ற மெல்லிய ஒலி கேட்டு விழித்தேன். பையன் எழுந்து உட்கார்ந்திருந்தான். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. கண் மட்டும் எங்களைப் பார்த்துக் கேட்டது. மச்சான் டோர்ச்சை அடித்தார். தங்கை மூக்குமூடியைக் கழற்றிச் சளிக்குழாவை விட்டாள். அது பாதியில் தட்டி நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தாளைத் தேடினேன். நானே எழுதிய தாள், சுவரிலே ஒட்டியிருந்தது, இருட்டில் அதைத் துழாவினேன். என் கை நடுங்கியது. திரும்பிப் பார்த்தபோது அவள் உள்குழாவைத் திருகி எடுத்தாயிற்று. டோர்ச் வெளிச்சத்திலே பார்த்தேன். அதன் முனையிலே, வேலம்பிசின் போல, பழுப்பு நிறத்தில் ஓர் அடைப்பு. வெளிக்குழாவின் முழு அகலத்துக்கும் காற்று 'ஹா' என்று உள்ளே பாய்ந்தது. அவன் இருமினான். காய்ந்த சளி இன்னும் இரண்டு துண்டு தெறித்தது. மச்சான் காலால் பொறியை மிதிக்க, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு சளி இழுத்தாள். கொக்கியிலிருந்து மாற்று உள்குழாவை எடுத்து மாட்டினாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். ஒற்றைக் குழாயாக இருந்திருந்தால் அந்த இருட்டிலே முழுக் குழாயையும் உருவிப் புதியதைப் போட வேண்டியிருந்திருக்கும். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது பழக்கமில்லை. "றோட்டுல இருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்ட தாதியை அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

விடிந்தபின் தங்கை அடுப்பருகே உட்கார்ந்து அழுதாள். அதுவரை அழவில்லை.

குரலின் கதை இன்னும் இருக்கிறது. பேசுவதற்கு ஒரு சிறு கருவியுண்டு. குழாய்வாயில் மாட்டும் ஒருவழிக் கதவு. மூச்சை உள்ளே விடும். வெளியே வரும்போது மூடிக்கொள்ளும். வெளியேற வேறு வழியில்லாத காற்று, குழாயைச் சுற்றி மேலேறி, குரல்நாணைத் தட்டி, வாயால் வரும். 1980களிலே இதனை ஆக்கியவர் டேவிட் மியூர் என்னும் அமெரிக்க இளைஞர். பொறியியல் அறிஞரல்லர்; தசைநலிவு நோயால் கைகால் அசையாமல், மூச்சுப் பொறியோடு கிடந்தவர். பேச வேண்டுமென்ற தாகத்தால் தமக்கென யோசித்த கதவு, இன்று உலகெங்கும் ஊமையான தொண்டைகளைப் பேசவைக்கிறது. செய்பவனே அணிபவனாயிருந்த இக்கதையைப் பையனுக்குச் சொன்னேன். அவன் கொப்பியில், 'எனக்கு எப்போது?' என்று எழுதிக் காட்டினான். டொக்டர்கள் இணங்கவில்லை, காரணம் நியாயமானது. மேல்வழி சுருங்கியிருக்கும்போது கதவை மாட்டினால் உள்ளே போன காற்று வெளியேற இடமில்லை. ஊதிய பையோடு மாட்டினாலும் அதே கதி. உயிர்காக்கும் கருவி அப்படியே உயிரைக் குடிக்கும்.

அதனால் ஐந்து மாதம் பொறுத்தான். இடையிடையே ஆஸ்பத்திரிக்குப் போய், உட்காட்டிக் கருவியால் பார்த்துச் சுருங்கிய இடத்தை விரித்தார்கள். மார்கழியிலே, பையில்லாத சிறிய குழாயை மாற்றி வைத்து, டொக்டர் குழாய்வாயைத் தம் விரலால் மூடி, "ஊதுங்க" என்றார். மூக்கால் காற்று வந்தது. கதவை மாட்டினார்கள். பையன் வாயைத் திறந்தான். வந்தது அவனுடைய பழைய குரலன்று. கரகரத்த, பாதி மூச்சுக் கலந்த ஒலி. "அம்மா, தண்ணி" என்றான். கடைசி வாங்குக்கு எட்டாது, கட்டிலுக்கு எட்டியது. தங்கை தண்ணீரை எடுக்க மறந்து நின்றாள்.

மறு ஆண்டு, 2019 இல், சித்திரை கழிந்து குழாயையே எடுத்தார்கள். துளையின் மேல் துணி வைத்துக் கட்டினார்கள். தையலே போடவில்லை, சில நாளில் தானே மூடிக்கொண்டது. தொண்டைக்குழிக்கு மேலே ஒரு சுருக்கம் மட்டும் இருக்கிறது. அவன் உயர்தரப் பரீட்சையை இரண்டாண்டு தாமதமாக எழுதினான். மேடையில் பேசச் சொன்னால் இப்பொழுது மறுத்துவிடுகிறான். குரல் உடைந்துவிடுமோ என்ற பயம். வீட்டில் பேசுகிறான்.

கொக்கி சுவரிலேயே இருக்கிறது. சென்ற ஆண்டு, கீழ் டிவிசனில் ஒரு வயதான கங்காணி இதே போலக் கழுத்துக் குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அவருடைய மருமகள் கையில் மடித்த தாளொன்றோடு தங்கையைத் தேடி மேலே ஏறி வந்தாள். தாளின் ஒரு பக்கத்திலே இப்பொழுது தமிழும் அச்சிட்டிருந்தார்கள். அந்தத் தமிழில் 'அகக்குழல்' என்றே போட்டிருந்தது. நான் ஆவலோடு வாங்கி வாசிக்கத் தொடங்கினேன். தங்கை அதற்குள் அந்தப் பெண்ணைப் பீலிக்கரைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். "மொதல்ல கையக் கழுவு புள்ள. சோப்புப் போட்டு, நகத்துக்கிட்டயும்" என்ற அவள் குரல் மட்டும் கேட்டது.